மைக் வெப்ஸ்டர்: 245 ஆட்டங்கள் ஆடிய ‘இரும்பு மைக்’கின் விளையாட்டு வாழ்வும், இறந்தபின் அவரது மூளை அளித்த சாட்சியமும்

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். போட்டிகளில் 17 பருவங்கள் ஆடி, நான்கு முறை சூப்பர் பௌல் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்ற மைக் வெப்ஸ்டர், 2002 செப்டம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. நான்கு நாள்களுக்குப் பின் அவரது உடல் கூறாய்வு செய்யப்பட்டது. இறப்புக்கான காரணம் இதயம்தான் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தும், ஆய்வை மேற்கொண்ட இளம் மருத்துவர் மூளையையும் பாதுகாத்து வைக்கச் சொன்னார். அந்த முடிவு, பல்லாயிரம் கோடி ரூபாய் புழங்கும் ஒரு விளையாட்டுத் துறையை நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

வெப்ஸ்டர் ஆடியது ‘ஆஃபென்சிவ் லைன்’ எனப்படும் வரிசையில். ‘தாக்குதல் வரிசை’ என்று தமிழில் பெயர்த்தால் சொல் பொருந்தும், பொருள் பொருந்தாது. பந்தை வைத்திருக்கும் அணிக்குத் தாக்கும் அணி என்று பெயர் என்பதால் இவ்வரிசைக்கும் அப்பெயர் வந்ததே தவிர, இதில் நிற்கும் ஐவரின் பணி முழுக்க முழுக்கத் தடுப்பதுதான். எனவே இக்கட்டுரையில் ‘தடுப்பு வரிசை’ என்றே குறிப்பிடப்படுகிறது.

பந்து இல்லாத பணி

இந்தியாவில் கால்பந்து என்று அழைக்கப்படும் ஆட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, எறிந்து பிடித்தோ எதிரணியின் எல்லையை அடைய வேண்டும். ஆட்டம் இடைவிடாமல் ஓடுவதில்லை. சில நொடிகளே நீடிக்கும் சிறுசிறு மோதல்களாக நடக்கிறது. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் இத்தகைய 60 முதல் 70 மோதல்கள் வரை அமைவது வழக்கம்.

ஒவ்வொரு மோதலும் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் ‘சென்டர்’ என்ற வீரரின் கையிலிருந்து தொடங்குகிறது. அவர் குனிந்து, தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுப்பார். கொடுத்த அதே நொடியில் நிமிர்ந்து, எதிரே பாய்ந்து வருபவரை மறித்தாக வேண்டும். இருபுறமும் இரண்டு ‘கார்டு’கள், அவர்களுக்கு வெளியே இரண்டு ‘டேக்கிள்’கள். குவார்ட்டர்பேக் பந்தை எறியும்வரை அவரை யாரும் தொடாதபடியும், பந்தேந்தி ஓடுபவருக்கு வழி திறக்கும்படியும் இந்த ஐவரும் நிற்கவேண்டும்.

இவர்கள் வழக்கமாகப் பந்தை ஏந்தி ஓடுவதோ, எறியப்படும் பந்தைப் பிடிப்பதோ இல்லை. கிரிக்கெட்டில் பந்தே வீசாத, மட்டையே பிடிக்காத ஒரு வீரரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்கென்று எழுத மதிப்பெண் அட்டையில் ஒன்றுமிருக்காது. தடுப்பு வரிசை வீரருக்கும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் மிஞ்சுகிறது. அந்த எண்ணிக்கையில் வெப்ஸ்டரை விஞ்சியோர் சிலரே.

உருளைக்கிழங்குப் பண்ணையிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு

1952 மார்ச் 18 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் டோமஹாக் ஊரில் பிறந்த வெப்ஸ்டர், அம்மாநிலத்தின் வடபகுதியில் ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் சென்டராக ஆடினார். உயரம் ஆறு அடி ஒரு அங்குலம். தொழில்முறைத் தடுப்பு வரிசைக்கு இது குறைவு என்று அணிகள் கருதின. 1974-ஆம் ஆண்டு வீரர் தேர்வில் ஐந்தாவது சுற்று வரை அவரை யாரும் எடுக்கவில்லை. 125-ஆவது வீரராக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரைத் தேர்வு செய்தது.

அந்த ஆண்டு ஸ்டீலர்ஸ் நடத்திய தேர்வு இன்றளவும் பேசப்படுகிறது. லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என்று ஒரே தேர்வில் எடுக்கப்பட்ட நால்வர் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். பயிற்சியாளர் சக் நோல் அமைத்த அந்த அணி 1975, 1976, 1979, 1980 ஆகிய ஆண்டுகளின் ஜனவரி மாதங்களில் நடந்த நான்கு சூப்பர் பௌல் போட்டிகளையும் வென்றது.

முதலிரு பருவங்களில் மூத்த வீரர் ரே மான்ஸ்ஃபீல்டுடன் வெப்ஸ்டர் சென்டர் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1975 பருவத்தின் கடைசி ஆட்டத்திலிருந்து அந்த இடம் அவருடையதாயிற்று. அன்று தொடங்கி 1985 பருவ முடிவு வரை தொடர்ந்து 150 ஆட்டங்களில் தொடக்க வீரராகக் களமிறங்கினார். அறிமுகப் பருவத்திலிருந்து கணக்கிட்டால் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் ஆடியவை 177. 1986-இல் முழங்கை மூட்டு நழுவியபோதுதான் இத்தொடர் அறுந்தது. அப்போதும் அவர் தவறவிட்டவை நான்கே ஆட்டங்கள்.

1976 பருவத்தில் ஸ்டீலர்ஸ் அணியின் ஃபிராங்கோ ஹாரிஸ், ராக்கி பிளையர் இருவரும் தலா ஆயிரம் கெஜத்துக்கு மேல் பந்தேந்தி ஓடினர். ஒரே அணியில் இருவர் அவ்வாறு ஓடுவது அரிது. வெப்ஸ்டர் முழுநேர சென்டராக ஆடிய முதல் பருவமும் அதுவே. தடுப்பு வரிசையின் வேலையைத் தேடுபவர்கள் இப்படிப் பிறருடைய எண்களுக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒன்பது முறை ப்ரோ பௌல் என்னும் நட்சத்திர ஆட்டத்துக்கு அவர் தேர்வானார். ஒன்பது ஆண்டுகள் அணியின் தாக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். உறைபனியிலும் குட்டைக் கையுறைச் சட்டையோடு, புயங்கள் தெரிய நிற்பது அவரது அடையாளம். ‘இரும்பு மைக்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. ஸ்டீலர்ஸ் அணிக்காக அவர் ஆடிய 15 பருவங்களும் 220 ஆட்டங்களும் நெடுங்காலம் அந்த அணியின் சாதனையாக இருந்தன. 1988 பருவத்துக்குப் பின் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகச் சென்றவர், அங்கும் மனம் மாறிக் களமிறங்கி மேலும் இரண்டு பருவங்கள் ஆடினார். 1991-இல் ஓய்வு பெற்றார்.

கணக்கில் வராத அடிகள்

வெப்ஸ்டர் ஆடிய காலத்து விதிகளையும் நோக்கவேண்டும். எதிரணித் தடுப்பாட்டக்காரர் தம் திறந்த கையால் தடுப்பு வரிசை வீரரின் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்து நிலைகுலையச் செய்வது 1977 வரை விதிக்குட்பட்ட உத்தி. தடுப்பவர் கைகளை முழுமையாக நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்ற தளர்வு 1978-இல்தான் வந்தது. அதுவரை முன்னே செல்வது தலையும் தோளுமே. சென்டரின் நிலை இன்னும் கடினமானது. பந்தைப் பின்னால் கொடுக்க ஒரு கை போய்விடுவதால், எதிராளி பாயும் முதல் நொடியில் அவருக்குத் தலைதான் கேடயம்.

இவை பார்வையாளரைப் பதற வைக்கும் மோதல்கள் அல்ல. ஓடிவந்து மோதி மயங்கி விழுபவரைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டும். இரண்டடி தூரத்தில் நின்று முட்டிக்கொள்ளும் தடுப்பு வரிசையை யாரும் கவனிப்பதில்லை. விழாமல், மயங்காமல், அடுத்த மோதலுக்கு அதே இடத்தில் குனிந்து நிற்பவரின் தலையில் அடி விழுந்ததாக யாரும் குறித்துக்கொள்வதுமில்லை. வெப்ஸ்டரின் 245 ஆட்டங்களைக் குறைத்து மதிப்பிட்டுப் பெருக்கினாலும் இத்தகைய மோதல்கள் பத்தாயிரத்தைத் தாண்டும். பயிற்சிக் களத்தில் நேர்ந்தவை இதில் சேரா.

ஓய்வுக்குப் பின் அவரது வாழ்க்கை சிதைந்த வேகம் அவரை அறிந்தவர்களைத் திகைக்க வைத்தது. நினைவு தவறியது. உறக்கம் கெட்டது. முதலீடுகள் கரைந்தன, மணவாழ்வு முறிந்தது. சில காலம் தன் பிக்கப் வண்டியிலும், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்திலும் இரவைக் கழித்தார். மனத்தை ஒருமுகப்படுத்த உதவும் ரிட்டாலின் மாத்திரைக்காக மருந்துச் சீட்டுகளைப் போலியாகத் தயாரித்த வழக்கில் 1999-இல் அவருக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நான்கு சூப்பர் பௌல் வென்ற அணியின் தலைவர் ஒருவர் இந்நிலைக்கு வந்ததை அன்றைய செய்திகள் பெரும்பாலும் தனிமனிதச் சறுக்கலாகவே எழுதின.

1997 ஜூலையில் அவர் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அவரை அறிமுகம் செய்தவர், ஆண்டுக்கணக்கில் அவர் கையிலிருந்து பந்தைப் பெற்ற குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா. மேடையிலேயே வெப்ஸ்டரைக் குனியச் சொல்லி, கடைசி முறையாக ஒருமுறை பந்தைப் பெற்றுக்கொண்டார் பிராட்ஷா. கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்னர் பேச எழுந்த வெப்ஸ்டரின் உரை நீண்டது. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் சென்றது. அன்று அது உணர்ச்சிப் பெருக்காகத் தோன்றியிருக்கலாம். இன்று அப்பதிவைப் பார்ப்பவர்களால் அப்படிக் கடந்துவிட முடிவதில்லை.

ஓய்வூதிய வாரியத்தின் கடிதம்

வெப்ஸ்டரின் சார்பில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ், என்.எஃப்.எல். வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் மாற்றுத்திறன் உதவி கோரி விண்ணப்பித்தார். அணி உரிமையாளர்கள், வீரர் சங்கம் ஆகிய இரு தரப்புப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் வாரியம் அதை ஆராய்ந்தது. விண்ணப்பதாரரின் மருத்துவர்களோடு, வாரியமே நியமித்த மருத்துவரும் ஒரே முடிவைச் சொன்னார். கால்பந்தாட்டத்தில் பட்ட தலைக்காயங்களால் வெப்ஸ்டர் முழுமையாகவும் நிரந்தரமாகவும் செயலிழந்துள்ளார் என்பதே அது. வாரியமும் இதனை ஏற்றது.

ஆனால் எப்போதிலிருந்து என்பதில் வாரியம் முரண்பட்டது. ஓய்வு பெற்ற காலத்திலிருந்தே முடங்கியிருந்தால் தொகை அதிகம். பின்னாளில் படிப்படியாக முடங்கியதாகக் கொண்டால் குறைவு. 1996-இலிருந்து என்று வைத்துக் குறைந்த தொகையையே வாரியம் வழங்கியது. வெப்ஸ்டர் இறந்தபின் அவரது குடும்பத்தார் வழக்கைத் தொடர்ந்தனர். மருத்துவச் சான்றுகள் அனைத்தும் 1991-ஐக் காட்டும்போது வாரியம் அவற்றைப் புறந்தள்ளியது தவறு என 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. குடும்பத்தாருக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட நிலுவைத் தொகை கிடைத்தது.

இவ்வழக்கில் பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. என்.எஃப்.எல். 1994-இல் அமைத்த மூளைக்காயக் குழு, கால்பந்தாட்டத்தால் நீண்டகால மூளைச் சேதம் ஏற்படுவதாகச் சான்றில்லை என்று ஆய்வேடுகளில் எழுதிவந்தது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மூட்டுநோய் மருத்துவர். அதே காலத்தில், அதே லீக்கின் ஓய்வூதிய வாரியம் ஒரு வீரரின் மூளை ஆட்டத்தால் சேதமடைந்தது என்று ஏற்று உதவித்தொகை வழங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடித் தகடுகளில் தெரிந்தது

அலெகேனி மாவட்ட மரண விசாரணை அலுவலகத்தில் அன்று பணியிலிருந்தவர் பெனட் ஒமாலு. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற நோய்க்குறியியல் மருத்துவர். அமெரிக்கக் கால்பந்தில் அவருக்கு ஈடுபாடில்லை. வெப்ஸ்டரின் நடத்தை மாற்றங்கள் பற்றிக் கேள்விப்பட்டிருந்த அவர், குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் மூளைச் சிதைவை இங்கும் எதிர்பார்த்தார். குத்துச்சண்டை வீரர்களின் அந்நோய் 1928-லேயே மருத்துவ இதழில் பதிவானது. ஆனால் வெளித்தோற்றத்தில் வெப்ஸ்டரின் மூளையில் சுருக்கமோ காயமோ இல்லை. சாதாரணமாக இருந்தது.

மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் வேறு காட்சி தெரிந்தது. நரம்புச் செல்களுக்குள் டாவ் எனும் புரதம் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருந்தது. 50 வயதுக்காரரின் மூளையில் காண வேண்டியதல்ல அது. அல்சைமர் நோயின் வடிவத்திலும் அது அமையவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நிபுணர்களுடன் இணைந்து ஒமாலு எழுதிய ஆய்வுக் கட்டுரை 2005-இல் ‘நியூரோசர்ஜரி’ இதழில் வெளியானது. ஓர் என்.எஃப்.எல். வீரரிடம் சி.டி.இ. எனப்படும் நாள்பட்ட மூளைச் சிதைவு நோய் கண்டறியப்பட்டதாகப் பதிவு செய்த முதல் கட்டுரை அது. நோயின் பெயர் மருத்துவ நூல்களில் முன்பே இருந்தது. இந்த ஆட்டத்தோடு அதை இணைத்ததே புதிது.

லீக்கின் மூளைக்காயக் குழுவைச் சேர்ந்த மூவர் அக்கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று இதழுக்கு எழுதினர். இதழ் திரும்பப் பெறவில்லை. ஒமாலு கண்ட இரண்டாவது மூளை, 2005-இல் தற்கொலை செய்துகொண்ட டெர்ரி லாங் என்பவருடையது. 2004-இல் சாலை விபத்தில் 36 வயதில் இறந்த ஜஸ்டின் ஸ்ட்ரெல்சிக்கின் மூளையிலும் அதே அடையாளங்கள் கண்டறியப்பட்டன. லாங் கார்டு, ஸ்ட்ரெல்சிக் டேக்கிள். மூவருமே ஸ்டீலர்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் நின்றவர்கள்.

2017 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், தானமாகப் பெறப்பட்ட 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. காணப்பட்டது. இந்த எண்ணை அப்படியே எல்லா வீரர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. அறிகுறிகள் இருந்தவர்களின் குடும்பத்தாரே பெரும்பாலும் மூளையைத் தானமளிக்க முன்வருகின்றனர் என்பதை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியுள்ளனர். உயிரோடிருப்பவரிடம் இந்நோயை உறுதியாகக் கண்டறியும் சோதனையும் இல்லை. வெப்ஸ்டரின் முன்னாள் மனைவி, பிள்ளைகள் போன்றோர் காரணத்தை அறிவது எப்போதும் காலம் கடந்தே.

இழப்பீடும் காலவரம்பும்

முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் தொடுத்த கூட்டு வழக்கில் 2013-இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. தொகைக்கான உச்சவரம்பு பின்னர் நீக்கப்பட்டு, 2015 ஏப்ரலில் நீதிமன்றம் உடன்பாட்டை ஏற்றது. 2006 ஜனவரி 1-க்கு முன் இறந்த வீரர்களின் குடும்பங்கள், தங்கள் கோரிக்கை காலவரம்புச் சட்டத்தால் தடைபடவில்லை என நீதிமன்றம் கருதினால் மட்டுமே பயன்பெறலாம் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. வெப்ஸ்டர் இறந்தது 2002-இல். எந்த மூளையிலிருந்து இவ்வழக்குகளுக்கான அறிவியல் தொடங்கியதோ, அந்த மூளைக்குரியவர் அந்தத் தேதிக்கு மறுபுறத்தில் நிற்கிறார்.

2015-இல் வெளியான ‘கன்கஷன்’ திரைப்படத்தில் ஒமாலுவாக வில் ஸ்மித்தும் வெப்ஸ்டராக டேவிட் மோர்ஸும் நடித்தனர். ஆட்டத்துக்கும் சி.டி.இ. நோய்க்கும் தொடர்பு உண்டென்பதை 2016 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டிய அமர்வில் லீக்கின் மூத்த நிர்வாகி ஒருவர் முதன்முறையாக வெளிப்படையாக ஏற்றார். வெப்ஸ்டர் இறந்து அப்போது 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆட்டக்களத்தில் அவரது பெயர் மங்கவில்லை. 1994-இல் லீக்கின் 75-ஆம் ஆண்டையொட்டியும், 2019-இல் நூறாம் பருவத்தையொட்டியும் தேர்வு செய்யப்பட்ட எக்காலத்துக்குமான சிறந்த அணிகள் இரண்டிலும் சென்டராக அவர் இடம்பெற்றார். அவர் அணிந்த 52-ஆம் எண் சட்டையை ஸ்டீலர்ஸ் அணி முறைப்படி ஓய்வளித்து அறிவிக்காவிட்டாலும், அவருக்குப் பின் வேறெவருக்கும் வழங்கவில்லை.

விதிகளிலும் சில மாற்றங்கள் வந்துள்ளன. முழுக் கவசத்துடன் மோதும் பயிற்சி, 2011-இல் வீரர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு பருவத்துக்கு 14 முறை எனக் குறைக்கப்பட்டது. 2022-இல் பயிற்சி முகாமின்போது தலைக்கவசத்தின் மேல் மெத்தை போன்ற கூடுதல் உறை அணிவதை லீக் கட்டாயமாக்கியது. ஆனால் எல்லா வீரர்களுக்கும் அல்ல. திரும்பத் திரும்பத் தலை மோதும் இடங்களில் நிற்போருக்கு மட்டும் முதலில் விதிக்கப்பட்ட அந்தக் கட்டாயத்தில், சென்டர் உள்ளிட்ட தடுப்பு வரிசை வீரர்கள் ஐவரும் அடங்குவர்.